பல் கம்பி கழற்றிய பிறகு தாடையும் முகத்தோற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பி கழற்றியவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதில் புரியும். பல் நகர்வது ஒரு வேலை, எலும்பு வளர்வது வேறொரு வேலை. பல்லை நகர்த்தும் வேலை கம்பியோடு முடிகிறது. எலும்போ உடம்பின் கணக்குப்படி வளர்ந்துகொண்டிருக்கும்.

1. கம்பி பல்லைத்தானே நகர்த்துது? முகம் எப்படி மாறும்?

உதடு முன்பற்களின் மேல் சாய்ந்து நிற்கிறது. பல் பின்னால் போனால் உதடும் ஓரளவு பின்னால் போகும், முன்னால் வந்தால் முன்னால் வரும். முகத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தில் கம்பியால் நேரடியாக மாறக்கூடியது மூக்கடியிலிருந்து முகவாய்க்கு மேலே உள்ள பள்ளம் வரையிலான பகுதிதான். மூக்கு, கன்ன எலும்பு, முகவாய்க்கட்டை இவற்றைக் கம்பி தொடுவதில்லை.

அப்படியிருந்தும் சிகிச்சை நடக்கும் இரண்டு வருடத்தில் மூக்கும் முகவாயும் மாறுவதைப் பார்க்கிறோம். காரணம், கம்பி போடும் வயதும் முகம் வேகமாக வளரும் வயதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதுதான். இரண்டும் சேர்ந்து நடப்பதால் எல்லாப் பெருமையும் எல்லாப் பழியும் கம்பிக்கே போய்ச் சேர்கிறது.

2. கம்பி கழட்டின அன்னைக்கே உதடு உள்ளே போன மாதிரி தெரியுது. அதுக்குள்ள மாறிடுமா?

மாறும். பல்லில் ஒட்டும் சிறு பிடிப்பானான பிராக்கெட்டும் கம்பியும் சேர்ந்து பல்லின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தன. அது போனதும் உதடு அந்த இடத்தில் படிகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கம்பியோடு எடுத்த போட்டோவை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், கம்பி போடுவதற்கு முன்பு எடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

3. தாடை எந்த வயசு வரைக்கும் வளரும்?

எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. அகலம் முதலில் முடிகிறது, பெரும்பாலும் 12 வயதுக்குள். அடுத்து முன்பின் நீளம்: பெண்பிள்ளைகளுக்கு 14-15 வயது வரை, ஆண்பிள்ளைகளுக்கு 18 வரை. உயரவாட்டில் வளர்வது கடைசியில் முடிகிறது. பெண்களுக்கு 17-18, ஆண்களுக்கு 20 தாண்டியும் போகும். இவை பொதுவான வயதுகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும்கூட ஒன்றாக ஓய்வதில்லை. மேல்தாடை முன்னதாக நின்றுவிடும். கீழ்த்தாடை பின்னால் தொடங்கி, அதிக நாள், அதிக அளவில் வளரும். பருவ வயதில் கீழ்த்தாடையின் உடல்பகுதி வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. பலருக்கும் கம்பி கழற்றும் வயது 14-15. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு முன்பின் வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும். அதே வயதுப் பையனுக்கு நல்ல பங்கு இன்னும் பாக்கி இருக்கும். இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு வேர் இந்த வித்தியாசம்தான்.

4. என் பிள்ளைக்கு வளர்ச்சி முடிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பிறந்த தேதியை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே செய்யக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் குறிப்பது. உயரம் வேகமாக ஏறும்போது தாடையும் ஏறக்குறைய அதே வேகத்தில் போகும். பெண்பிள்ளை பெரியவள் ஆகிவிட்டாள் என்றால் உச்ச வேகம் பெரும்பாலும் தாண்டிவிட்டது. ஆனால் உயரம் நின்ற பிறகும் கீழ்த்தாடை கொஞ்ச நாள் வளரும். அதனால் உயரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயான செஃபலோகிராமில் கழுத்தெலும்புகளும் விழும். 2, 3, 4-ஆம் கழுத்தெலும்புகளின் அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். சிறு வயதில் மூன்றுமே தட்டையாக இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குழிவு விழுந்தால் உச்ச வளர்ச்சி நெருங்கிவிட்டது. நாலாவதிலும் குழிவு வந்துவிட்டால் உச்சம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அதன் பிறகு அந்த எலும்புகள் சதுரமாகி, கடைசியில் அகலத்தைவிட உயரம் கூடியதாக மாறும்.

முழுதாக நின்றுவிட்டதா என்பதற்கு நம்பத்தக்க வழி, ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராம்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. பழைய படத்தின் கோட்டைக் கறுப்பிலும் புதியதைச் சிவப்பிலும் வரைவார்கள். மண்டை ஓட்டின் முன்பக்க அடித்தளம் 7 வயதை ஒட்டியே ஏறக்குறைய நிலைத்துவிடுவதால் அதை ஆதாரமாக வைத்து இரண்டையும் பொருத்துவார்கள். முகவாய் நுனியில் சிவப்புக் கோடு கறுப்பைத் தாண்டி முன்னாலோ கீழேயோ வந்திருந்தால் வளர்ச்சி இன்னும் ஓடுகிறது. வரைவதிலேயே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பிசகு வரும். அதனால் மூன்று மாத இடைவெளியில் எடுத்த படங்களை வைத்து “நின்றுவிட்டது” என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

5. கம்பி போட்டதுலேர்ந்து கன்னம் டொக்கு விழுந்துடுச்சு. எலும்பு கரைஞ்சு போச்சா?

இல்லை. முதல் சில மாதங்கள் கடிக்க வலிக்கும், கடினமானதைத் தவிர்க்கச் சொல்வார்கள், சாப்பாடு குறையும். எடை இரண்டு மூன்று கிலோ இறங்கினாலே கன்னத்தில் தெரிந்துவிடும். மெல்லும் தசைக்கும் வேலை குறைவதால் தாடைக்கோணம் ஒட்டினாற்போல் தோன்றும். வளரும் பிள்ளைகளுக்குக் குழந்தைக் கொழுப்பு கரைவதும் இதே வயதில்தான். எடை திரும்பி, நன்றாக மெல்லத் தொடங்கிய ஆறேழு மாதத்தில் முதல் இரண்டு காரணமும் சரியாகும். மூன்றாவது, பிள்ளை பெரியவர்களாக மாறுவதன் அடையாளம். அது திரும்பி வராது.

6. நாலு பல்லைப் பிடுங்கிட்டா முகம் பொக்கை வாய் மாதிரி ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

எத்தனை பல் எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்த இடத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக எடுப்பது முதல் முன்கடைவாய்ப்பல். அதன் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஒருவருக்குப் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் நெரிசல் இருந்தால் அந்த 4 பல்லை வரிசையில் நிறுத்தவே போய்விடும். கடைவாய்ப்பல் தானாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் முன்னால் நழுவும். முன்பல் பின்னால் போக மிஞ்சுவது ஒன்று, ஒன்றரை. மேலுதடு பல் நகர்ந்த தூரத்தில் ஏறத்தாழ பாதிதான் நகரும். ஆக உதட்டில் தெரிவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இன்னொருவருக்கு நெரிசலே இல்லை, எத்துப்பல் மட்டும். கடைவாய்ப்பல் நகராமல் எலும்பில் திருகாணி வைத்துப் பிடித்துக்கொண்டால் 7 மில்லிமீட்டரும் முன்பல்லைப் பின்னிழுக்கவே கிடைக்கும். உதடு மூன்று நாலு மில்லிமீட்டர் போகும். உதடு மூட முடியாமல் முகவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாக இறுகும் ஒருவருக்கு அது பெரிய நிம்மதி. மெல்லிய உதடு, எடுப்பான மூக்கு, முன்துருத்திய முகவாய் உள்ளவருக்கு அதே இழுப்பு முகத்தைத் தட்டையாக்கிவிடும். மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள கோணம் 110 பாகைக்கு மேல் ஏற்கெனவே இருந்தால் கூடுதலாக இழுப்பதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

தடித்த உதடு பல்லோடு குறைவாகவே போகும், மெல்லிய உதடு அதிகம் போகும். கீழுதடு மேலுதட்டைவிடப் பல்லை நெருக்கமாகத் தொடரும். சிகிச்சை தொடங்கும் முன்பே “எங்களுக்கு எத்தனை மில்லிமீட்டர் பின்னால் இழுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். திட்டம் போட்டவரிடம் அதற்கு எண்ணில் பதில் இருக்கும்.

7. கழட்டினப்போ முகம் நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு இப்போ உதடு உள்ளே போயிடுச்சு. பல்லைப் பிடுங்கினதோட விளைவு இப்போ தெரியுதா?

இழுத்து நிறுத்திய பல் அஞ்சு வருடம் கழித்து மேலும் பின்னால் நடந்து போவதில்லை. உதட்டைச் சுற்றியிருப்பவைதான் முன்னால் வந்திருக்கின்றன. பருவ வயதில் மூக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னோக்கி வளரும். முகவாயும் வளரும். உதட்டின் தடிப்போ பருவம் முடிந்த பிறகு மெல்லக் குறையத் தொடங்கும்.

ஒரு ஸ்கேலை மூக்கு நுனியிலும் முகவாய் நுனியிலும் வைத்துப் பாருங்கள். ராபர்ட் ரிக்கெட்ஸ் சொன்ன அழகுக்கோடு இதுதான். வயது வந்தவர்களுக்குக் கீழுதடு இந்தக் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே இருப்பது வழக்கம் என்பது அவர் கணக்கு. இது ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் சொன்னது. இயல்பிலேயே நிறைந்த உதடு உள்ள மக்கள் பலர் உண்டு, அவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. 13 வயதில் உதடு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். 19-இல் ஸ்கேலின் இரண்டு முனையும் முன்னால் போய்விட்டதால் உதடு தானாக உள்ளே விழுந்ததுபோல் தெரிகிறது. கம்பியே போடாதவர்களுக்கும் இது நடக்கும். அதனால்தான் வளர்ச்சி பாக்கியுள்ள பிள்ளைக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, உதட்டைச் சற்று நிறைவாகவே விட்டுவைப்பது நல்லது. 13 வயதிலேயே வயது வந்தவரின் முகவெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் 20-இல் அது தட்டையாகத்தான் முடியும்.

8. செல்போன்ல எடுத்த போட்டோவை வச்சுப் பார்த்தா மூக்கு பெருசாகி முகவாய் சின்னதாயிருக்கு. நிஜமா மாறியிருக்கா?

கை நீட்டி எடுத்த போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 30 சென்டிமீட்டரில் எடுத்தால் கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு அளவுக்கு மீறிப் பெரிதாகும். குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவர் நின்று, கேமராவைக் கண் உயரத்தில் பிடித்து, ஜூம் வைத்து எடுக்க வேண்டும். தலை இயல்பாக நிற்க, எதிரே தூரத்தில் ஒரு கண்ணாடியை வைத்து உங்கள் கண்ணையே நீங்கள் பார்க்க வேண்டும். கடைவாய்ப்பற்கள் மெல்லத் தொட்டிருக்கட்டும், உதட்டை இறுக்க வேண்டாம். தலையை லேசாக நிமிர்த்தினாலே முகவாய் முன்னால் வந்துவிடும், குனிந்தால் காணாமல் போகும். வருடத்துக்கு ஒன்று, அதே இடம், அதே தூரம் என்றால்தான் அது ஒப்பீடு.

9. ரிடெய்னர் ஒழுங்கா போட்டுக்கிட்டா தாடை வளர்ச்சியைப் பிடிச்சு வைக்குமா?

பிடித்து வைக்காது. கம்பி கழற்றிய பின் பல் நகராமலிருக்கப் போடும் ரிடெய்னர் ஒரு வரிசைப் பற்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். கீழ்த்தாடை முழுவதும் முன்னால் வந்தால் கீழ்வரிசை ரிடெய்னரோடு சேர்ந்தே முன்னால் வரும். பல் வரிசை அச்சுக் குலையாமல் இருக்கும், கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், மட்டும் மாறியிருக்கும்.

ரிடெய்னரின் வேலை வேறு. பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நாலு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்கள் ஒரு வருடம் கழித்தும் பல்லைப் பழைய இடத்துக்கு முறுக்கப் பார்க்கும். அதனால் முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும், பிறகு இரவில், வளர்ச்சி முடியும் வரை கண்டிப்பாக. அதன் பிறகும் இரவில் போடுவதை விடாதவர்களுக்குத்தான் வரிசை நிற்கிறது. பின்பக்கம் ஒட்டிய கம்பி இருந்தால் அதையும் வருடம் ஒருமுறை காட்டுங்கள். அது வளைந்துபோனாலோ ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனாலோ பல்லை மெதுவாக முறுக்கிவிடும்.

10. கீழ் முன்பல் மறுபடி நெருங்குது. ஞானப்பல்தான் பின்னாலிருந்து தள்ளுதா?

ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் இதே நெரிசல் வருகிறது. முக்கியமான காரணம் கடைசிக்கட்டத் தாடை வளர்ச்சி. மேல் முன்பற்கள் ஒரு வேலிபோல் முன்னால் நிற்கின்றன. 17-18 வயதில் கீழ்த்தாடை இன்னும் கொஞ்சம் முன்னால் வரும்போது கீழ் முன்பற்கள் அந்த வேலியில் முட்டி உள்பக்கம் சாய்கின்றன. வளைவு சுருங்குகிறது, இடம் பற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. வயதாக ஆகப் பல்வளைவு தானாகவே குறுகுவதும் சேர்ந்துகொள்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், ரிடெய்னரை நிறுத்திப் பத்து வருடம் ஆனவர்களைப் பரிசோதித்து 1981-இல் வெளியிட்டார்கள். கீழ் முன்பல் வரிசை ஏற்கத்தக்க நிலையில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஞானப்பல்லை எடுக்கத் தகுந்த காரணங்கள் உண்டு: ஈறு வீக்கம், சொத்தை, நீர்க்கட்டி. முன்பல் நெருங்காமல் தடுப்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

11. கீழ்த்தாடை சின்னதுன்னு ட்வின் பிளாக் போட்டோம். நிஜமா தாடை வளர்ந்துச்சா?

கொஞ்சம். ட்வின் பிளாக் என்பது கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து கடிக்க வைக்கும், கழற்றி மாட்டும் சாதனம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் குறைந்த தூரத்தில் பெரும்பகுதி, மேல்பல் பின்னாலும் கீழ்ப்பல் முன்னாலும் சாய்ந்ததால் வருகிறது. எலும்பின் பங்கு ஏறத்தாழ கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 8-9 வயதில் முந்திப் போட்டால் தாடை கடைசியில் அதிகம் நீளும் என்பதும் இல்லை. உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஒரே தடவையாகச் செய்தவர்களும் இறுதியில் அதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். முந்திச் செய்வதில் தெளிவான லாபம் ஒன்று உண்டு. துருத்திய மேல்பல் கீழே விழுந்து உடையும் ஆபத்து குறைகிறது. பிள்ளை பள்ளியில் கேலிக்கு ஆளாகிறது என்றால் அதையும் நாங்கள் நியாயமான காரணமாகவே எடுத்துக்கொள்வோம்.

ட்வின் பிளாக்கில் ஏமாற்றும் விஷயம், இரட்டைக் கடி. பிள்ளை தாடையை முன்னால் தள்ளி வைத்துக் கடிக்கப் பழகிவிடும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் வரை மடித்து வைத்துக்கொண்டு பின்பற்களைக் கடிக்கச் சொல்லுங்கள். தாடை சட்டென்று பின்னால் சரிந்து பழைய இடைவெளி திரும்பத் தெரிந்தால், எலும்பு இன்னும் வந்து சேரவில்லை. அந்த நிலையில் சாதனத்தை நிறுத்தக் கூடாது.

12. கீழ்ப்பல் முன்னால கடிச்சதை 9 வயசுலேயே சரி பண்ணினோம். 16 வயசுல திரும்ப வந்துடுச்சே?

3-ஆம் கேள்வியில் சொன்னது இங்கேதான் கடிக்கிறது. மேல்தாடையை, நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றி நிற்கும் முகமூடிச் சாதனத்தால் முன்னால் இழுப்பது 10 வயதுக்குள் நன்றாகப் பலிக்கும். பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் இழுவிசை, ஒரு நாளைக்கு 12-14 மணி நேரம். ஆனால் கீழ்த்தாடை எவ்வளவு வளரும் என்பதை அது மாற்றுவதில்லை. பருவ வயதில் கீழ்த்தாடை தன் பங்கு முழுவதையும் வளர்ந்தால், கிடைத்த திருத்தத்தை அது விழுங்கிவிடும். இதை எதிர்பார்த்தே மேல்பல் 3-4 மில்லிமீட்டர் முன்னால் வரும் வரை அதிகமாகத் திருத்தி விடுகிறார்கள். முகவாய்க் கிண்ணம் வைத்துக் கீழ்த்தாடையைப் பின்னால் அழுத்துவதும் அதே கதை. போட்டிருக்கும்வரை பலன் தெரியும், விட்ட பிறகு வளர்ச்சி ஈடுகட்டிவிடும்.

அதனால் செய்தது வீண் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முகமூடி போட்டவர்களில் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று கணிக்கப்பட்டவர்கள் 36 சதவீதம். போடாதவர்களில் 66 சதவீதம். தாத்தா, அப்பா, சித்தப்பா என்று வீட்டில் நீண்ட கீழ்த்தாடை இருந்தால் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

13. அப்போ ஆபரேஷன்தான்னா எப்போ? சீக்கிரம் முடிச்சுட்டா நல்லதுதானே?

நீண்ட கீழ்த்தாடைக்கு அவசரப்படவே கூடாது. வளர்ச்சி பாக்கியிருக்கும்போது வெட்டி வைத்தால் மிச்சம் வளர்ந்து மறுபடி முன்னால் வரும். 4-ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு படங்களும் பொருந்திய பிறகே செய்ய வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் 16-17க்குப் பிறகு, ஆண்களுக்கு 18 முதல் 21. சிறிய கீழ்த்தாடைக்குச் சற்று முன்னதாகச் செய்யலாம், அது மிஞ்சி வளர்வது அரிது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுவைக்கு முன் ஒரு வருடம்போலக் கம்பி போட்டு, இத்தனை நாள் ஈடுகொடுக்கச் சாய்ந்திருந்த பற்களை நிமிர்த்துவார்கள். அப்போது முகத்தோற்றம் முன்பைவிட மோசமாகத் தெரியும். அது திட்டப்படி நடப்பதுதான். அறுவை வரக்கூடும் என்று சந்தேகமுள்ள 13 வயதுப் பையனுக்குக் கீழ்ப்பல்லைப் பிடுங்கி உள்ளே சாய்த்து மறைக்கப் பார்த்தால், பின்னால் இந்த நிமிர்த்தும் வேலை இரண்டு மடங்காகும்.

14. நாக்கை அண்ணத்துல ஒட்டி வச்சா, சூயிங்கம் மென்னா தாடை எடுப்பா வரும்னு வீடியோல சொல்றாங்களே?

வளர்ச்சி முடிந்தவருக்கு நாக்கை எங்கே வைத்தாலும் தாடை எலும்பு நகராது. அதிகமாக மெல்வதால் வளர்வது தசைதான். காதுக்குக் கீழே தாடைக்கோணம் தடித்து முகம் அகலமாகும். முகவாய் முன்னால் வராது. ரப்பர் உருண்டையைக் கடிக்கும் பயிற்சிகள் தாடை மூட்டு வலியைக் கொண்டுவரும், கம்பி கழற்றிப் புதிதாக நிலைத்திருக்கும் பற்களையும் அசைக்கும்.

15. கம்பி போட்டதுக்கப்புறம் முகம் நீளமாயிட்ட மாதிரி இருக்கு.

இந்தக் கவலை சில பேர் விஷயத்தில் சரி. கடைவாய்ப்பல் ஒரு மில்லிமீட்டர் மேலெழும்பினால் முன்பக்கம் கடி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் திறக்கும். கதவின் கீலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையைச் செருகியது போலத்தான். கீழ்த்தாடை கீழும் பின்னும் சுழலும், முகவாய் பின்வாங்கும், உதடு மூடக் கஷ்டப்படும். ரப்பர் பேண்ட் அதிகமாகப் போடுவது, ஆழமான கடியைக் கடைவாய்ப்பல்லை உயர்த்தித் திறப்பது இவற்றால் இப்படி ஆகலாம். வளரும் பிள்ளைக்குத் தாடையின் பின்பகுதி உயரம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். வளர்ச்சி முடிந்தவருக்கும், ஏற்கெனவே நீள்முகம் உள்ளவருக்கும் ஈடுகட்ட ஒன்றும் இல்லை. திருகாணி உதவியால் கடைவாய்ப்பல்லை எலும்புக்குள் அழுத்தினால் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்து முகவாய் முன்னால் சுழலும்.

பிள்ளை எப்போதும் வாயால் மூச்சு விட்டால் அதையும் கவனியுங்கள். அடினாய்டு சதை மூக்கின் பின்வழியை அடைத்தால் வாய் திறந்தே கிடக்கும், நாக்கு தாழும், முகம் நீளவாட்டில் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் கம்பியால் மட்டும் சரிசெய்த கடி நிலைப்பது கடினம்.

16. எனக்கு 35 வயசு. இனிமே முகம் மாறாதுதானே?

மாறும், மிக மெதுவாக. கிளீவ்லாந்தில் சிறுவயதில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு மறுபடி அழைத்து அளந்து, ரோல்ஃப் பெஹ்ரன்ட்ஸ் 1985-இல் வெளியிட்டார். மூக்கு நீள்கிறது, உதடு தட்டையாகிறது, தாடைகளும் மில்லிமீட்டர் அளவில் மாறுகின்றன. ஆண்களுக்குக் கீழ்த்தாடை சற்றே முன்னோக்கியும் பெண்களுக்குச் சற்றே கீழ்நோக்கியும் போவது வழக்கம். வருடங்களாக நடக்கும் இந்த மாற்றத்துக்குச் சிகிச்சை தேவையில்லை.

17. எந்த மாற்றம் வந்தா சாதாரணம்னு விட்டுடக் கூடாது?

முகவாய் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போவது, மேல், கீழ்ப் பல்வரிசைகளின் நடுக்கோடுகள் மாதம்தோறும் விலகுவது: ஒரு பக்கத் தாடைமூட்டின் முனை மட்டும் அதிகமாக வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பருவ வயதுப் பெண்ணுக்கோ இளம்பெண்ணுக்கோ நன்றாக இருந்த கடி முன்பக்கம் திறந்து, முகவாய் பின்வாங்கினால் மூட்டு முனை தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் வலி இல்லாமலே இருக்கலாம். ரிடெய்னர் போடவில்லை என்று பிள்ளையைத் திட்டிவிட்டு விடுவதால் மாதங்கள் வீணாகின்றன.

30-40 வயதில் கீழ்ப்பற்களுக்கு இடையே புதிதாகச் சந்து விழுந்து, மோதிரம் இறுகி, செருப்பு அளவும் கூடினால் பல் மருத்துவரோடு நிற்காமல் ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

18. ரொம்ப இழுத்துட்டாங்கன்னு தோணுது. கேப்பைத் திரும்பத் திறந்து பல்லை முன்னால கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் முதலில் இழுத்தது அதிகம்தானா என்று உறுதிசெய்யுங்கள். சிகிச்சைக்கு முந்திய படம், கழற்றிய அன்றைய படம், இன்றைய படம் மூன்றையும் 4-ஆம் கேள்வியில் சொன்னபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். பல் பின்னால் போனது 2 மில்லிமீட்டர், மூக்கும் முகவாயும் முன்னால் வந்தது 5 என்றால், பல்லை நகர்த்தி ஆகப்போவது குறைவு. உதட்டுக்கு அடியில், மேல் முன்பற்களின் மேல் மெழுகை 2-3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒட்டி, பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு அந்த முகம்தான் வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

திறந்தால் அந்த இடத்தில் பல் இருக்காது, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்க வேண்டிவரும். முன்பல்லின் முன்பக்க எலும்பு மெலிசு. அதைத் தாண்டித் தள்ளினால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். முதல் சிகிச்சையில் வேர் நுனி ஏற்கெனவே குட்டையாகியிருந்தால் இரண்டாவது சுற்றில் மேலும் கரையும். வளர்ச்சி முடியாதவருக்கு இம்ப்ளான்ட் வைக்கவே கூடாது. பக்கத்துப் பற்கள் எலும்போடு இறங்கிக்கொண்டிருக்க, அது மட்டும் அதே இடத்தில் நின்று மேலே தங்கிவிடும்.

19. பின்னாடி தேவைப்பட்டா காட்ட, என்னென்ன வாங்கி வச்சுக்கணும்?

சிகிச்சைக்கு முன்பும் கழற்றிய அன்றும் எடுத்த செஃபலோகிராம்களை, அளவுகோல் தெரியும் மூலக் கோப்பாக. செல்போனில் படம்பிடித்த நகல் அளக்க உதவாது. இரண்டு நேரத்திலும் எடுத்த பல் அச்சு அல்லது ஸ்கேன் கோப்பு. எந்தப் பற்களை எடுத்தார்கள், திருகாணி வைத்தார்களா என்ற குறிப்பு. 8-ஆம் கேள்வியில் சொன்ன முறையில் எடுத்த போட்டோ. கழற்றும்போது வளர்ச்சி பாக்கியிருந்த பையனுக்கு, வளர்ச்சி நிற்கும் வரை வருடம் ஒருமுறை கடியைச் சரிபார்ப்பது போதும். கடி மாறியிருந்தால் மட்டும் புது எக்ஸ்ரே. அதன் கதிர்வீச்சு சுமார் 5-6 மைக்ரோசீவர்ட், ஒரு நாளில் இயற்கையாக உடம்பில் படுவதைவிடக் குறைவு.